17 பிள்ளைகள் உள்ள பள்ளியில் என் மகளை விட்டுவைக்கலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். ஒன்பது வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. பெர்மிட்டில் வந்தவன் என்பதால் குடும்பம் ஊரில்தான், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மகன் வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 17 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். மகளுடைய வகுப்பில் அவளோடு ஒரு பையன் மட்டும் இருக்கிறான்.

ஊரில் வசதியுள்ள எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் மஞ்சள் வேனில் ஏறி 16 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுன் பள்ளிக்குப் போகிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கட்டணமும் வேனும் சேர்த்து வருடம் 52,000 ரூபாய் கேட்கிறார்கள். ஓவர்டைம் பார்த்தாவது கட்டிவிடுவேன். என் மச்சான் கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும், "சிங்கப்பூர் சம்பாத்தியம், பிள்ளை சத்துணவுப் பள்ளிக்கூடம்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் என் மனைவி மாற்ற மாட்டேன் என்கிறாள். "டீச்சர் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க, வேனை நம்பி விடமாட்டேன்" என்கிறாள். நான் போனில் சத்தம் போட்டேன், இரண்டு நாள் பேசவில்லை.

இதற்கிடையில் டீச்சரே எனக்கு போன் செய்து, "உங்க ரெண்டு பிள்ளையும் போயிட்டா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க சார்" என்றார். இங்கே இங்கிலீஷ் தெரியாமல் சூப்பர்வைசர் முன்னால் வாய்பொத்தி நின்ற நாளெல்லாம் நினைவுக்கு வருகிறது. என் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது. மாற்றலாமா, வேண்டாமா? பள்ளிக்கு ஒரு பெரிய டிவி வாங்கிக் கொடுத்தால் கொஞ்சம் சரியாகுமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேன் இருக்கிறது, மச்சான் இருக்கிறார், கட்டணம் இருக்கிறது, டீச்சரின் போன் இருக்கிறது. உங்கள் மகள் இரண்டே வரியில்தான் வருகிறாள், அதுவும் எந்த வகுப்பு, வகுப்பில் எத்தனை பேர் என்ற கணக்கில். அவள் படிக்கிறாளா? கதைப் புத்தகம் கொடுத்தால் தானாக வாசிக்கிறாளா? நீங்கள் எழுதவில்லை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் சொல்லப்போகும் பதிலில் பாதி அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. இங்கே சிங்கப்பூருக்கு வந்து கல்வி ஆலோசகராக உட்கார்வதற்கு முன்பு 14 வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தவள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் 23 பிள்ளைகள். எனவே அந்தப் பள்ளிகளைக் கோயில் மாதிரிக் கும்பிடவும் மாட்டேன், கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் மாட்டேன்.

என் யோசனை, இந்த ஆண்டு மகளை மாற்ற வேண்டாம். மகனையும் அங்கேயே சேர்க்கலாம், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்ட பிறகு உங்கள் முடிவு மாறினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பள்ளிக்கூடமாகவே தெரியாது. நாம் படித்த காலத்தில் வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு வாத்தியார். ஈராசிரியர் பள்ளி நடப்பது வேறு மாதிரி. காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் உள்ளே வருவார்கள். 2022இல் 1,545 பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த காலை உணவுத் திட்டம் அது. உங்கள் மச்சான் சிரித்த சோற்றை நானும் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், அது வேறு கதை. அப்புறம் ஓர் ஆசிரியர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பை ஒன்றாக உட்கார வைப்பார். இன்னொருவர் நான்கையும் ஐந்தையும் எடுத்துக்கொள்வார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கு கொடுத்துவிட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பார். அது முடிந்ததும் கணக்கைத் திருத்துவார்.

ஆசிரியர் பற்றாக்குறைக்காகச் செய்யும் ஒட்டுவேலை என்றுதான் இதை நினைப்பார்கள். ஆனால் இப்படிப்பட்ட பள்ளிகளுக்கென்றே ஒரு முறை உருவானது. ஆந்திராவில் ரிஷி வேலிப் பகுதிக் கிராமங்களில், பல வகுப்பும் ஓர் ஆசிரியரிடம் படிக்கும் சின்னப் பள்ளிகளுக்காக பாட அட்டைகளையும், எதற்குப் பிறகு எதைப் படிப்பது என்று காட்டும் ஏணிப் படத்தையும் வைத்து ஒரு முறையைச் செய்தார்கள். அதைப் பார்த்துத்தான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007இல் தமிழ்நாடு முழுக்கப் போனது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் எழுத வசதியாகக் கரும்பலகை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்தக் காலத்து மிச்சம். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பிலும் இருக்கலாம், மலரிலும் இருக்கலாம். வகுப்பை விட்டுவிட்டு, பிள்ளை இருக்கும் நிலையிலிருந்து தொடங்குவதுதான் கணக்கு. 17 பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஒரு நல்ல ஆசிரியரால் இதைச் செய்ய முடியும். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியாது. நான் செய்து பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

இது கெட்டுப்போகும் இடமும் எனக்குத் தெரியும். இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் வராத நாள். பயிற்சி இருக்கும், வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஏதாவது கணக்குக் கேட்பார்கள், வாக்காளர் பட்டியல் வேலை வரும், உடம்புக்கு முடியாமல் போகும். அன்றைக்கு மிச்சம் இருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். பாடம் நடக்காது தம்பி, பிள்ளைகளைப் பத்திரமாக உட்கார வைத்து அனுப்புவதுதான் நடக்கும். கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது. 17 பேருக்கு இரண்டு பேர் என்பது காகிதத்தில் நல்ல விகிதம். மாதத்தில் எத்தனை நாள் அந்த இரண்டு பேரும் பள்ளியில் இருந்தார்கள் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

தெரிந்துகொள்ளச் சொன்ன முதல் விஷயம் இதுதான். உங்கள் மனைவிக்கு இது ஏற்கனவே தெரிந்திருக்கும். போன மாதம் எத்தனை நாள் ஒரே டீச்சர் இருந்தார் என்று கேளுங்கள். இரண்டு மூன்று நாள் என்றால் எந்தப் பள்ளியிலும் நடப்பதுதான். ஒருவரை வேறு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்பிவிட்டு, உங்கள் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகவே ஓடிக்கொண்டிருந்தால் நான் மேலே சொன்ன யோசனையை மாற்றிக்கொள்வேன். இன்னொன்று, கோடை விடுமுறையை ஒட்டி ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு வரும். மனைவி நம்பும் அந்த டீச்சர் ஜூனிலும் அங்கேயே இருப்பாரா என்று அவரிடமே கேட்கலாம். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், எங்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்விதான்.

இரண்டாவது விஷயம் மகளின் வாசிப்பு. இதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் வெட்கம்தான். நான்காம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். தமிழ்ப் பாடத்தை எடுத்தால் கணீரென்று வாசிப்பான். விரல் வரியோடு நகரும். அதிகாரி பார்வைக்கு வந்தபோது அவனைத்தான் எழுப்பிவிட்டேன். ஒரு நாள் அவன் அம்மா பள்ளி வாசலில் நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "டீச்சர், இவன் பஸ் போர்டு படிக்க மாட்டேங்கிறானே. புஸ்தகம் மட்டும்தான் படிப்பானா?" என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு வேறொரு புத்தகத்தைக் கொடுத்தேன். ஒரு வரி தாண்டவில்லை. அக்காமார்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறான். சின்னப் பள்ளியில் பெரிய வகுப்புப் பாடம் சின்னப் பிள்ளை காதில் விழுவது நல்லது என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். அதே காது இப்படியும் ஏமாற்றும். பட்டம் வாங்கி, பயிற்சி வாங்கி, தினமும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. அப்புறம் ஏழு மாதம் அவனோடு உட்கார்ந்தேன், படித்தான்.

அதனால் மகளை ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். வீடியோ காலிலேயே முடியும். அவள் இதுவரை பார்க்காத ஏதாவது ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கிற அளவில் எட்டு பத்து வரிக் கதை போதும். திக்கித் திக்கி வாசித்தாலும் பரவாயில்லை. முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று கேளுங்கள். கதையைச் சொல்லிவிட்டால் அவள் வாசிக்கிறாள். கணக்கில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள், கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்று தெரிந்துவிடும். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று மூன்று வரி எழுதிக் காட்டச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருக்கட்டும், மூன்று வரியும் அவளுடைய சொந்த வரியாக இருக்க வேண்டும். பரீட்சை என்று சொல்லாதீர்கள். அப்பா பரீட்சை வைக்கிறார் என்று தெரிந்தால் அடுத்த முறை போனை எடுக்கவே மாட்டாள். 2005 முதல் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று பார்க்கும் ஏசர் ஆய்வு நடத்துபவர்கள் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை, அப்புறம் கழித்தல், வகுத்தல். அவ்வளவு எளிமையான கருவிதான்.

அவள் கதையை வாசித்துவிட்டால் அந்தப் பள்ளி தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியிருக்க 52,000 ரூபாயும் வேன் பயணமும் எதற்கு? வாசிக்கவில்லை என்றால் டீச்சரிடம், "இவள் அரும்பா மொட்டா மலரா?" என்று கேளுங்கள். யோசிக்காமல் பதில் சொல்லி, என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்றும் சொன்னால் இன்னும் மூன்று மாதம் கொடுங்கள். மழுப்பினால் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

சரி, வேன் பள்ளிக்கு வருவோம். பெயர் தெரியாத அந்தப் பள்ளியை நான் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் இங்கே தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசுகிற அப்பாக்கள் சொல்வதை வைத்து நீங்கள் கேட்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. 16 கிலோமீட்டர் என்பது நேர்ப் பாதைக் கணக்கு. வேன் ஊர் ஊராகச் சுற்றி ஏற்றிக்கொண்டு போகும். பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் ஏற்கனவே அனுப்பும் ஒரு வீட்டில் கேளுங்கள். ஓர் அப்பா, "மகன் கிளம்பும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம், நான் போன் பண்ணினாலும் தூக்கம்" என்றார். ஆறு வயதுப் பையன்.

அப்புறம் அது என்ன பாடத்திட்டம் என்று கேளுங்கள். மெட்ரிக் பள்ளி என்றால், சமச்சீர்க் கல்வி வந்த பிறகு மாநிலப் பாடத்திட்டம்தான் அங்கேயும். உங்கள் ஊர்ப் பள்ளியில் இலவசமாகக் கொடுக்கும் பாடத்தின் ஆங்கில வடிவத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். சிபிஎஸ்இ என்றால் புத்தகம் வேறு. இங்கிலீஷ் புத்தகத்தை அம்மாவால் வீட்டில் சொல்லிக்கொடுக்க முடியாதபோது டியூஷன் தானாக வந்து சேரும், அந்தச் செலவு அவர்கள் சொன்ன 52,000இல் இருக்காது.

மாற்றியது சரி என்று ஆன கதையும் எனக்குத் தெரியும், அதை மறைத்தால் நேர்மையில்லை. இங்கே ஈசூனில் வேலை செய்யும் ஒரு பெண், மகளை ஊரில் பாட்டியிடம் விட்டிருந்தார். அந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பில் அவள் ஒருத்திதான். படிப்பில் குறையில்லை, டீச்சரும் தங்கம். ஆனால் விளையாட ஆளில்லை, போட்டி போட ஆளில்லை, சண்டை போடவும் ஆளில்லை. நாளாக நாளாகப் பேச்சே குறைந்துபோனது. அவர் டவுன் பள்ளிக்குப் போகவில்லை. மூன்று கிலோமீட்டரில் பக்கத்து ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருந்தது, அங்கே மாற்றினார். ஐந்து மாதத்தில் பிள்ளை பழையபடி வாயாடியானாள். உங்கள் கடிதத்தில் இந்த மூன்றாவது வழியே இல்லை. வேன் அல்லது இந்தப் பள்ளி என்று இரண்டைத்தான் எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் நடுநிலைப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மகளுக்கு ஒரு தோழியாவது, மேல் வகுப்பிலோ கீழ் வகுப்பிலோ, இருக்கிறாளா என்றும் கேளுங்கள். எனக்கு அந்த ஒற்றைப் பையன் கணக்கு கொஞ்சம் உறுத்துகிறது. அவளுடைய தம்பி சேர்ந்தால் வீட்டுத் துணை கிடைக்கும், தோழி கிடைக்க மாட்டாள்.

எப்படியும் ஐந்தாம் வகுப்போடு அங்கே படிப்பு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு நீங்கள் வேறு பள்ளி தேடித்தான் ஆக வேண்டும். உண்மையில் கனமான முடிவு அதுதான். 2020இல் மருத்துவப் படிப்புக்கும் மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அந்த வகுப்புகளைத்தான் கணக்கில் எடுக்கிறது. தொடக்கப் பள்ளியை எங்கே படித்தாலும் இவை போய்விடாது. ஆகவே "இப்போது மாற்றினால் ஒதுக்கீடு போச்சு" என்று யாராவது பயமுறுத்தினாலும் நம்பாதீர்கள்.

இங்கிலீஷ் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருடம் அதை நெஞ்சில் வைத்திருக்கிறீர்கள். ஆனால் சூப்பர்வைசர் முன்னால் உங்களை நிறுத்தியது தமிழ்வழிப் பள்ளி மட்டும்தானா? வாயைத் திறந்து தப்புத்தப்பாகப் பேசிப் பழக யாரும் இடம் கொடுக்கவில்லை என்பதும் இருக்கும். நீங்கள் இன்றைக்கு வேலையிடத்தில் பேசுகிற இங்கிலீஷ் எந்தப் பள்ளியிலிருந்து வந்தது? தமிழை நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு வாசிப்பு என்றால் என்ன என்று பிடிபட்டுவிடும், அப்புறம் இங்கிலீஷ் எழுத்தும் அதே வழியில் போகும். இரண்டும் பிடிபடாமல் இங்கிலீஷ் பாட்டை மட்டும் ஒப்பிக்கிற பிள்ளைகளை ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் சோபா மேல் ஏறிப் பாடுவார்கள். ஊர்ப் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் பாடம் உண்டு. அது போதாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மீதியை நீங்கள் செய்யலாம், கடைசியில் சொல்கிறேன்.

மச்சான் பேச்சை நான் அதிகம் பேச விரும்பவில்லை. ஒன்று மட்டும். நீங்கள் வேலை பார்க்கும் இந்த ஊரில் தொடக்கக் கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயம். கம்பெனி முதலாளி மகனும் டாக்சி ஓட்டுபவர் மகளும் சேர்வது பெரும்பாலும் அரசு நடத்தும் அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில்தான். வகுப்பில் முப்பது பிள்ளைகள், மேலே போனால் நாற்பது வரைகூட. யாரும் கல்யாண வீட்டில் சிரிப்பதில்லை. அடுத்த முறை மச்சானிடம் சொல்லிப் பாருங்கள், கேட்பாரா என்பது வேறு.

இப்போது டீச்சரின் போன். அவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஏன் கேட்டார் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. எண்ணிக்கை குறைந்தால் பணி நிரவல் வரும், ஒருவரை வேறு பள்ளிக்குத் தூக்குவார்கள், பள்ளி ஆடிப்போகும். ஏப்ரல் வெயிலில் வீடு வீடாகப் போய் பிள்ளை கேட்ட அனுபவம் எனக்கும் உண்டு. ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், பிள்ளையைக் கொடுக்கவில்லை. இருந்தாலும் ஒரு பள்ளியைத் தாங்கிப் பிடிக்கும் தூணாக உங்கள் மகளை நிறுத்த முடியாது. சிங்கப்பூரிலேயே கடைசியாக இருந்த தமிழ்வழிப் பள்ளி, உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி, 1982இல் மூடப்பட்டது. புலாவ் உபின் தீவில் கிராமத்துப் பிள்ளைகள் படித்த பின் கியாங் பள்ளியும் 1985இல் பிள்ளைகள் குறைந்துபோய் மூடப்பட்டது. பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்த பெற்றோர் யாரும் கெட்டவர்கள் இல்லை. எனவே அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வைத்துவிட்டு, மகளுக்கு எது நல்லது என்று மட்டும் பாருங்கள். அவள் அங்கே படிக்கிறாள் என்றால் இருக்கட்டும். அதனால் பள்ளியும் நிலைத்தால் சந்தோஷம்.

டிவி வேண்டாம். தூர தேசத்திலிருந்து வரும் அன்பளிப்பு பெரும்பாலும் பீரோவுக்குள் போய் உட்காரும், அல்லது பழுதானால் பார்க்க ஆளிருக்காது. பள்ளிக்கு எது தேவை என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். கழிப்பறை கழுவ ஆளுக்குச் சம்பளம் என்பார்கள், இல்லையென்றால் சுற்றுச்சுவர். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. 2022இலும் 2024இலும் தமிழ்நாடு முழுக்கப் புதிதாக அமைத்தார்கள். உங்கள் மனைவி அதில் இருக்கிறாரா? இல்லையென்றால் அடுத்த முறை அமைக்கும்போது பேர் கொடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் வராத நாள் பற்றிய கேள்வியைத் தனியாளாகக் கேட்டால் சண்டை, குழுவில் கேட்டால் தீர்மானம். காசாகத்தான் கொடுப்பேன் என்றால் அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாக வெளிநாட்டில் இருப்பவர்களும் கொடுக்கலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. உங்கள் மனைவி அந்தப் பள்ளியைத் தினமும் பார்க்கிறார். டீச்சர் எப்போது வருகிறார், மதியச் சாப்பாட்டில் முட்டை இருந்ததா, மகள் அழுதுகொண்டு வந்தாளா சிரித்துக்கொண்டு வந்தாளா, எல்லாம் அவருக்குத் தெரியும். நீங்கள் பார்ப்பது போனில் வருகிற ஊர்ப் பேச்சை. "வேனை நம்பி விடமாட்டேன்" என்று அவர் சொன்னதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது, பார்த்து யோசித்த ஓர் அம்மாவின் பேச்சாகத்தான் படுகிறது. அந்த பஸ் போர்டு அம்மாவை நான் இன்னும் மறக்கவில்லை. முதலில் அவருக்கு போன் செய்து சமாதானம் ஆகுங்கள். அப்புறம் மேலே சொன்ன இரண்டு விஷயத்தையும் அவரிடமே கேளுங்கள், உத்தரவாக இல்லாமல்.

இனி இங்கிலீஷ். ஊரில் இரவு 7 மணி என்றால் உங்களுக்கு 9.30. வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு விடுதியில் படுக்கிற நேரம். வாரத்தில் மூன்று நாள் 15 நிமிடம் எடுங்கள். ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் பிள்ளைகளுக்கான படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, பல கதைகள் தமிழிலும் இங்கிலீஷிலும் கிடைக்கும். ஒரே கதையை இரண்டு மொழியிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழை அவள் வாசிக்கட்டும், இங்கிலீஷை நீங்கள் வாசியுங்கள். தெரியாத சொல் வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள், பக்கத்துக் கட்டில்காரரிடம் கேளுங்கள், அவள் பார்க்கட்டும். பையன் நடுவில் வந்து போனைப் பிடுங்குவான், படத்தை மட்டும் காட்டிவிட்டு விடுங்கள்.

முதல் நாள் தமிழ்க் கதையையே எடுங்கள். அவள் எத்தனை வரி தாண்டினாள் என்று எனக்கு எழுதுங்கள், மகனை ஜூனில் எங்கே சேர்ப்பது என்பதை அதை வைத்துப் பேசலாம்.